பூர்வீகக் குடிகளின் காவலர்: ஆயர் பர்த்தலோமே டி லாஸ் காசாஸ்

இற்றைக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் கியூபாத் தீவிலே ஒரு குருவானவர் வாழ்ந்துவந்தார். ஆற்றங்கரையில் அவருக்கு நல்ல நிலம் இருந்தது. அந்நிலத்தைப் பயிரிடவும் ஆற்று மணலை அரித்துப் பொன் எடுக்கவும் கூலி கேட்காத ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் அத்தீவின் சொந்தக் குடிகள். அரசாங்கம் அவர்களை அவருக்குப் பங்காகக் கொடுத்திருந்தது. அவர் அவர்களை அடித்து வதைக்கவில்லை. மற்ற எசமான்களைப் பார்க்கிலும் இரக்கமாகவே நடத்தினார். அவரை நல்ல சுவாமியார் என்று ஊரார் சொன்னார்கள். தாமும் அப்படியே எண்ணியிருந்தார்.

அந்த எண்ணத்தைக் கர்த்தர் உடைத்த கதையே இது. அவர் பெயர் பர்த்தலோமே டி லாஸ் காசாஸ். மனித உரிமை என்ற சொல் உலகத்தின் வாயில் அடிபடுவதற்கு நெடுங்காலம் முன்னரே, ஆதரவற்ற ஒரு மக்கட் கூட்டத்திற்காக ஐம்பது ஆண்டுகள் வழக்காடியவர் அவர்.

புதிய உலகிற்குப் பயணம்

லாஸ் காசாஸ் ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் பிறந்தார். 1474இல் பிறந்தார் என்றே பழைய நூல்கள் கூறும். ஆனால் பிற்காலத்தில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு 1484 என்பதே சரியெனக் கொள்ளப்படுகிறது. தகப்பனார் பேதுரோ சிறு வணிகர். கொலம்பஸ் 1493இல் மேற்கொண்ட இரண்டாம் பயணத்தில் அவரும் சேர்ந்து போனார். திரும்பி வந்தபோது மகனுக்குப் பரிசாக அவர் கொண்டுவந்தது ஒரு பொருளையல்ல, ஒரு மனிதனை. தீவுவாசியான ஓர் இளைஞன்! மாணவனாயிருந்த பர்த்தலோமேக்கு அவன் ஏவலாள் ஆனான். அப்படிக் கொண்டுவரப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பவேண்டும் என இசபெல்லா அரசியார் கட்டளையிட்டபடியால் 1500இல் அவ்விளைஞன் தன் நாடு திரும்பினான்.

1502இல் பர்த்தலோமே தாமும் கப்பலேறி இஸ்பானியோலாத் தீவில் இறங்கினார். இன்று எயிற்றி, டொமினிக்கன் குடியரசு என்ற இரு நாடுகள் அத்தீவில் உள்ளன. அங்கே எங்கோமியெந்தா என்றொரு முறை நடந்துவந்தது. ஸ்பானியர் ஒருவருக்கு இத்தனை சுதேசிகள் என்று ஆளுநர் பிரித்துக் கொடுப்பார். அவர் அவர்களுக்கு வேதம் படிப்பிக்க வேண்டும். அதற்கு ஈடாக அவர்கள் அவருக்கு வேலை செய்யவேண்டும். காகிதத்தில் இது நன்றாகவே இருந்தது. நடந்ததோ வேறு. வேதம் படிப்பித்தவர் அரிது. வேலை வாங்காதவர் எவருமில்லை. பொன் சுரங்கங்களில் ஆண்கள் மாண்டார்கள். வயல்களில் பெண்கள் மாண்டார்கள். பாலில்லாமல் குழந்தைகள் மாண்டார்கள். பின்னர் ஐரோப்பாவிலிருந்து வந்த பெரியம்மை எஞ்சியோரையும் வாரிக்கொண்டு போயிற்று.

லாஸ் காசாசும் இம்முறையில் பங்கு பெற்றார். பின்னர் குருப்பட்டம் பெற்று 1510 அளவில் அத்தீவிலேயே தமது முதற் பாடற்பூசையை நிறைவேற்றினார். குருவான பின்னரும் தமக்குக் கிடைத்த பங்கை அவர் கைவிடவில்லை. அதில் பிழையிருப்பதாக அவருக்குத் தோன்றவும் இல்லை.

ஒரு பிரசங்கமும் ஒரு மறுப்பும்

1510இல் புனித சாமிநாதர் சபைத் துறவிகள் சிலர் அத்தீவிற்கு வந்து சேர்ந்தார்கள். வறிய குடிசையொன்றில் தங்கி, கண்ணால் கண்டதையெல்லாம் செபத்தில் வைத்துச் சிந்தித்தார்கள். 1511 டிசம்பர் 21ஆம் நாள், திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. சாந்தோ டொமிங்கோ ஆலயத்தில் ஆளுநரும் பிரபுக்களும் முன்வரிசையில் இருந்தனர். அந்தோனியோ டி மொந்தெசீனோஸ் என்ற துறவி பிரசங்கபீடத்தில் ஏறினார். துறவிகள் எல்லாரும் கூடி எழுதிக் கையொப்பமிட்ட பிரசங்கம் அது. பாலைவனத்தில் ஒலித்த ஸ்நாபக அருளப்பரின் குரலாகத் தம்மை வைத்துக்கொண்டு, எந்த நீதியின்படி இந்த மக்களை அடிமைகொண்டீர்கள், இவர்கள் மனிதர் அல்லரோ என்று அவர் கேட்டார். இந்தக் கொடுமையை விடாதவர்கள் சாவான பாவத்தில் இருப்பதாகவும் எச்சரித்தார்.

சபையோர் கொதித்தெழுந்தனர். பிரசங்கத்தை மீட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆளுநர் மடத்திற்குச் சென்று கேட்டார். அடுத்த ஞாயிறு மொந்தெசீனோஸ் மீண்டும் பீடமேறினார். மீட்டுக்கொள்வார் என்று காத்திருந்தவர்களுக்கு அதே உண்மையை இன்னும் அழுத்திச் சொன்னார். சுதேசிகளை விடுவிக்காதவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கமாட்டோம் என்றும் அறிவித்தார்.

அக்காலத்தில் லாஸ் காசாசும் ஒரு துறவியிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். அடிமைகளை வைத்திருக்கும் குருவிற்குப் பாவமன்னிப்பு அளிக்க அத்துறவி மறுத்துவிட்டார். லாஸ் காசாஸ் வாதாடிப் பார்த்தார். ஆனால் மனம் மாறவில்லை. அந்த மறுப்பு மட்டும் முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

கியூபாவிற் கண்டது

1513இல் கியூபாவைக் கைப்பற்றச் சென்ற படைக்கு அவர் ஆன்ம குருவானார். கவோனாவோ என்ற ஊரில் மக்கள் உணவு கொண்டுவந்து வைத்துவிட்டுக் குந்தியிருந்து, குதிரைகளை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வித காரணமும் இன்றி ஒரு வீரன் வாளை உருவினான். மற்றவர்களும் உருவினார்கள். ஆண், பெண், முதியவர், குழந்தை என்ற பேதமில்லாமல் வெட்டி வீழ்த்தினார்கள். தடுக்க ஓடிய குருவின் சொல்லைக் கேட்பார் ஒருவருமில்லை. குற்றுயிராய்க் கிடந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதைத் தவிர அவரால் வேறெதுவும் செய்யமுடியவில்லை.

இதற்குப் பின்னரும், அவருடைய சேவைக்குப் பரிசாகக் கியூபாவில் நிலமும் ஆட்களும் கொடுக்கப்பட்டபோது அவர் வாங்கிக்கொண்டார். இதை மறைக்கவேண்டியதில்லை. அவரே மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். கொடுமையைக் கண்டு கண்ணீர் வடிப்பது ஒன்று. அக்கொடுமையிலிருந்து தனக்கு வரும் இலாபத்தை விட்டுவிடுவது வேறொன்று. முந்தியதைச் செய்துவிட்டுப் பிந்தியதைச் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வது மனித இயல்பு.

1514ஆம் ஆண்டு பெந்தகோஸ்தே திருநாள் நெருங்கியது. பிரசங்கத்திற்கு ஆயத்தம் செய்வதற்காக வேதாகமத்தை விரித்தார். சீராக் ஆகமத்தின் 34ஆம் அதிகாரம் கண்ணிற் பட்டது. அநியாயமாய் ஈட்டியதிலிருந்து கொடுக்கும் காணிக்கையை இறைவன் ஏற்பதில்லை. ஏழையின் பொருளை எடுத்துப் பலி செலுத்துபவன் தகப்பன் கண்முன்னே மகனைக் கொல்பவனுக்கு ஒப்பாவான். தொழிலாளியின் கூலியைப் பறிப்பவன் இரத்தம் சிந்துகிறான் என்பது அங்கே சொல்லப்பட்டிருக்கும் கருத்து. எத்தனையோ முறை வாசித்த பகுதிதான். இம்முறை அது தம்மைப் பற்றியே எழுதப்பட்டதாகத் தெரிந்தது. பீடத்தில் தாம் ஒப்புக்கொடுத்த அப்பமும் இரசமும் யாருடைய வியர்வையிலிருந்து வந்தன என்று அன்றுதான் அவர் கேட்டார்.

சில நாட்கள் தனிமையில் யோசித்தார். பிறகு ஆளுநர் வெலாஸ்கெசிடம் சென்று, தமக்குத் தந்த ஆட்களைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். ஆளுநர் திகைத்தார், அவசரப்பட வேண்டாம் என்று புத்தி சொன்னார். லாஸ் காசாஸ் தளரவில்லை. தம்மிடமிருந்து போகும் அம்மக்கள் தம்மிலும் கொடிய எசமானின் கையில் விழுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அது அவர் நெஞ்சை அறுத்தது. ஆனால் தமது கையில் அவர்களை வைத்துக்கொண்டு பிறருடைய கையை விடச்சொல்ல முடியாது என்பதைக் கண்டுகொண்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளிலே, பிரசங்கபீடத்திலிருந்து யாவரும் அறிய இதனை அறிவித்தார்.

நிலத்தில் அவருக்குக் கூட்டாளியாக இருந்தவர் பேதுரோ டி லா ரெந்தேரியா என்ற பக்தியுள்ள பொதுநிலையினர். அப்போது அவர் யமேக்காவிற்குப் போயிருந்தார். ஒருவரது எண்ணத்தை மற்றவர் அறியாதிருக்கையில், சுதேசிகளின் பிள்ளைகளுக்காகப் பாடசாலை வைக்கவேண்டும் என்ற எண்ணம் அங்கே அவருக்கும் உதித்திருந்தது. திரும்பி வந்து நண்பரின் முடிவைக் கேட்டதும் மகிழ்ந்து, தம் பங்கையும் விட்டுக்கொடுத்தார். அவர்கள் விற்றுச் சேர்த்த பணமே லாஸ் காசாஸ் ஸ்பெயினுக்குச் சென்று முறையிடுவதற்குச் செலவாயிற்று.

அரசவையில் வழக்கு

1515 முடிவில் அவர் அரசர் பெர்டினாந்தைச் சந்தித்தார். அடுத்த சனவரியில் அரசர் இறந்தார். ஆட்சிப் பொறுப்பை ஏற்ற கர்தினால் சிஸ்நேரோஸ் இவரது முறைப்பாட்டைக் கேட்டு, 1516இல் இவரைச் சுதேசிகளின் காவலராக நியமித்தார். பட்டம் கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை. தீவுகளிலிருந்த அதிகாரிகளும் அரசவையில் இருந்த பலரும் அந்த அடிமை முறையாலேயே செல்வம் சேர்த்தவர்கள். அவர்களிடமே நியாயம் கேட்க வேண்டியிருந்தது.

இக்காலத்தில் அவர் பெரும் பிழையொன்றைச் செய்தார். மெலிந்த சுதேசிகளைக் காப்பதற்காக, ஆபிரிக்காவிலிருந்து கறுப்பு அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று ஆலோசனை கூறினார். ஆபிரிக்கரைக் கொண்டுவரும் வியாபாரம் அவர் சொல்வதற்கு முன்பே தொடங்கியிருந்தது என்பது உண்மையே. ஆயினும் 1518இல் நாலாயிரம் பேரைக் கொண்டுபோக அரசர் உத்தரவளித்தபோது, இவரது சொல்லும் அதற்கு ஒரு துணையாய் நின்றது. நீதியான போரில் பிடிபட்டவர்கள் அவர்கள் என்ற பொதுக் கருத்தை ஆராயாமல் நம்பிவிட்டார். போர்த்துக்கேயர் எப்படி அவர்களைப் பிடித்தார்கள் என்று பிற்காலத்தில் அறிந்தபோது அவர் நடுங்கினார். ஆபிரிக்கருக்குச் செய்யப்பட்டதும் அதே அநீதிதான் எனவும், தமது அறியாமை இறைவனின் தீர்ப்பில் தமக்குச் சாட்டாக நிற்குமோ என்பது நிச்சயமில்லை எனவும் தம் வரலாற்று நூலில் எழுதிவைத்தார்.

அவரை விரும்பாதவர்கள் இன்றும் இதைச் சுட்டிக்காட்டுவார்கள். சுட்டிக்காட்டுவது நியாயமே. ஒரு கூட்டத்தாரின் பாரத்தை இறக்க வேறொரு கூட்டத்தாரின் தோளைத் தேடுவது நீதியாகாது. நல்ல மனதுள்ளவரும் தம் கண்ணுக்குத் தெரிகிற ஏழையைக் காக்கும் ஆவலில், கண்ணுக்குத் தெரியாத ஏழையை மறந்துவிடக்கூடும். எனினும் தவற்றை மறைக்காமல், தம் கையாலேயே எழுதித் தம்மைக் குற்றவாளியாக்கிய மனிதர் எத்தனை பேர்?

இதன்பின் வெனசுவேலாக் கரையிலே குமானா என்ற இடத்தில், ஆயுதமின்றி உழவர்களைக் குடியேற்றிச் சுதேசிகளோடு சமாதானமாய் வாழ ஒரு திட்டம் தொடங்கினார். அடிமை பிடிக்கும் ஸ்பானியர்களின் அட்டூழியத்தால் கொதித்திருந்த மக்கள் அக்குடியேற்றத்தைத் தாக்கினார்கள். திட்டம் பாழாயிற்று. மனமுடைந்த லாஸ் காசாஸ் 1522இல் சாந்தோ டொமிங்கோவில் சாமிநாதர் சபையிற் சேர்ந்தார். முன்னொரு நாள் தமக்குப் பாவமன்னிப்பை மறுத்த சபையே அவரது வீடாயிற்று. பத்தாண்டுகளுக்கு மேலாகப் படிப்பிலும் செபத்திலும் அமைதியாகக் காலம் கழித்தார். 1527இல் இந்தியத் தீவுகளின் வரலாற்றை எழுதத் தொடங்கினார்.

சமாதானத்தின் வழி

விசுவாசத்தை வாளால் ஊட்டமுடியாது. அறிவுக்கு விளக்கமும் மனதுக்கு அன்பும் காட்டியே மனிதரை அழைக்கவேண்டும் என்று அவர் ஒரு நூல் எழுதினார். பேச்சு அழகுதான், செய்து காட்டமுடியுமா என்று குவாத்தமாலாவில் இருந்த ஸ்பானியர் கேலி செய்தனர். படைகளால் அடக்கமுடியாது போர் நாடு என்று பெயர் பெற்றிருந்த துசுலுத்லான் பிரதேசத்தை அவர் தேர்ந்தெடுத்தார். ஐந்து ஆண்டுகளுக்கு எந்த ஸ்பானியரும் அங்கே கால்வைக்கக் கூடாது என 1537இல் ஆளுநரிடம் எழுத்தில் உறுதி பெற்றுக்கொண்டார். துறவிகள் அம்மக்களின் மொழியைக் கற்று, வேத சரித்திரத்தைப் பாடல்களாக்கி, அப்பகுதிக்குப் போய்வரும் சுதேச வணிகர்களுக்குப் பழக்கி அனுப்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. தலைவர்கள் துறவிகளை வரவேற்றார்கள். போர் நாட்டிற்குப் பின்னர் வேராபாஸ், அதாவது மெய்ச் சமாதானம், என்ற பெயர் வந்தது.

அதே 1537ஆம் ஆண்டில் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் ஒரு திருமடல் வெளியிட்டார். சுதேசிகள் உண்மையான மனிதர்கள். அவர்கள் கிறிஸ்தவர்களாய் இல்லாவிட்டாலும் அவர்களுடைய சுதந்திரத்தையோ உடைமையையோ பறிக்கக்கூடாது என்று அதிலே தெளிவாகப் போதித்தார். சாமிநாதர் சபையினரின் உழைப்பும் அதற்குப் பின்னணியாய் இருந்தது.

1540இல் ஸ்பெயின் திரும்பிய லாஸ் காசாஸ், தாம் கண்ட அழிவுகளைச் சுருக்கி எழுதி அரசர் ஐந்தாம் சார்ள்சின் முன் வைத்தார். 1542 நவம்பரில் புதிய சட்டங்கள் பிறந்தன. இனிமேல் எந்தச் சுதேசியையும் அடிமையாக்கக் கூடாது; எங்கோமியெந்தா உரிமையாளர் இறந்தால் அது பிள்ளைக்குப் போகாமல் அரசரிடம் திரும்பவேண்டும் என்பன அவற்றில் முக்கியமானவை.

ஆயரின் சிலுவை

செல்வம் மிகுந்த கூஸ்கோ மறைமாவட்டம் கொடுக்கப்பட்டபோது அவர் மறுத்தார். வறிய சியாப்பாசின் ஆயராக இருக்க இணங்கி, 1544 மார்ச் 30ஆம் நாள் செவிலில் அபிஷேகம் பெற்றார். அப்போது அவருக்கு வயது அறுபது அளவில் இருக்கும். 1545இல் தம் மறைமாவட்டத்தை அடைந்ததும், அடிமைகளை விடுவிக்க மறுப்பவர்களுக்குப் பாவமன்னிப்பு அளிக்கக்கூடாது என்று குருக்களுக்குக் கட்டளையிட்டார். இளமையில் தமக்கு நேர்ந்ததையே தம் மந்தைக்கும் மருந்தாக்கினார். மருந்து கசந்தது. ஊரார் கலகம் செய்தார்கள். ஆயரது இல்லத்திலேயே ஆத்திரக்காரர் நுழைந்தார்கள்.

வேறிடங்களிலும் எதிர்ப்பு மூண்டது. பேருவில் குடியேற்றக்காரர் கிளர்ந்தெழுந்து 1546இல் அரச பிரதிநிதியைக் கொன்றனர். அரசர் அதற்கு முன்பே, 1545இல், வாரிசுரிமையைத் தடுத்த விதியை மீட்டுக்கொண்டார். பல ஆண்டுகள் உழைத்துப் பெற்ற சட்டம் முக்கியமான இடத்திலே முறிந்தது. லாஸ் காசாஸ் 1547இல் கடைசித் தடவையாகக் கடல் கடந்து ஸ்பெயினுக்குத் திரும்பினார். 1550இல் ஆயர் பதவியைத் துறந்தார். வழக்கை மட்டும் துறக்கவில்லை.

அவ்வாண்டு வல்லதோலித் நகரில் ஒரு பெரும் விவாதம் நடந்தது. அது முடியும்வரை புதிய போர்களை நிறுத்திவைக்கும்படி அரசர் பணித்திருந்தார். சில மக்கள் இயல்பாகவே அடிமைகள். அவர்களைப் போரால் அடக்குவது அவர்களுக்கே நன்மை என்று செபுல்வேதா என்ற பேரறிஞர் வாதித்தார். அவர் அம்மக்களை ஒருநாளும் கண்டவரல்லர். லாஸ் காசாஸ் ஐந்து நாட்கள் தமது நீண்ட மறுப்பை வாசித்தார். உலகத்தில் உள்ள சகல மக்களும் மனிதரே. எல்லார்க்கும் புத்தியும் மனச்சுதந்திரமும் உண்டு. இயல்பிலேயே அடிமையான ஒரு மக்களினம் இல்லை என்பதே அவரது வாதத்தின் சாரம். 1551இலும் விவாதம் தொடர்ந்தது. நீதிபதிகள் முடிவான தீர்ப்பு எதையும் வழங்கவில்லை.

ஓயாத முதுமை

முதுமையிலும் மனுக்கள் எழுதியபடியே இருந்தார். பேருவின் எசமான்கள் பெருந்தொகைப் பணத்தைக் காட்டி, எங்கோமியெந்தாவைத் தங்களுக்கு நிரந்தரமாக்கும்படி அரசரிடம் பேரம் பேசியபோது அதனை எதிர்த்து நின்றார். 1566இல் புதிய பாப்பரசரான ஐந்தாம் பத்திநாதருக்கும் சுதேசிகளுக்காக விண்ணப்பம் அனுப்பினார். அவ்வாண்டு சூலை 18ஆம் நாள் மத்ரித் நகரில், அத்தோச்சா மாதாவின் மடத்தில் உயிர் நீத்தார்.

அவர் கூறிய எண்ணிக்கைகள் சில மிகையானவை என்று வரலாற்றாசிரியர் கூறுவர். ஸ்பெயினுக்கு எதிரான நாடுகள் அவரது நூலைத் தத்தம் அரசியலுக்குப் பயன்படுத்தியதும் உண்டு. அவற்றைக் கழித்தாலும், சாட்சியின் கரு அப்படியே நிற்கிறது. அவரது பெரிய வரலாற்று நூல் 1875 வரை அச்சேறவில்லை. அவர் ஆயராயிருந்த நகரம் இன்று சான் கிறிஸ்தோபல் டி லாஸ் காசாஸ் என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1948இன் மனித உரிமைப் பிரகடனமும், 2007இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பூர்வீகக் குடிகளின் உரிமைப் பிரகடனமும் சொல்லும் அடிப்படை உண்மையை அவர் பதினாறாம் நூற்றாண்டிலேயே சொன்னார். 2015இல் பொலிவியாவில் பாப்பரசர் பிரான்சிஸ், அமெரிக்கப் பூர்வீகக் குடிகளுக்கு இழைக்கப்பட்ட குற்றங்களுக்காக மன்னிப்புக் கேட்டார். 2023 மார்ச் 30ஆம் நாள், பிறர் நாட்டைக் கண்டுபிடித்தவருக்கே அது உரித்து என்ற கொள்கையைத் திருப்பீடம் வெளிப்படையாக நிராகரித்தது. இந்த வார்த்தைகள் வரப் பல நூற்றாண்டுகள் சென்றன. தாமதித்த காலத்தில் மாண்டவர்களை யார் எண்ணுவது?

அன்பார்ந்த வாசகர்களே, அடிமை முறை பழங்கதையென்று எண்ணிவிட வேண்டாம். 2021இல் உலகெங்கும் 2 கோடியே 76 இலட்சம் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தனர் எனச் சர்வதேசத் தொழில் தாபனம் மதிப்பிட்டது. கடன் தீராமல் செங்கற் சூளையில் கிடப்பவர்கள், கடவுச்சீட்டைப் பறிகொடுத்து அந்நிய வீட்டில் அடைபட்டிருக்கும் பணிப்பெண்கள், கரை காணாமல் மீன்பிடிக் கப்பலில் உழைப்பவர்கள் இவர்களுள் அடங்குவர். அவர்களை வதைப்பவர் எங்கோ இருக்கும் கொடியவர் என்று சொல்லி நாம் அமைதியடைகிறோம். லாஸ் காசாசும் அப்படித்தான் அமைதியாக இருந்தார்.

ஆகவே அவர் செய்ததையே நாமும் செய்வோம். நம் மேசையில் உள்ள உணவு யாருடைய கையால் வந்தது? நம் வீட்டில் வேலைக்கு நிற்கும் பிள்ளை பாடசாலைக்குப் போகவேண்டிய வயதினள் அல்லவா? நம் காணியிலும் கடையிலும் உழைப்பவருக்கு மாத முடிவில் கொடுப்பது அவருக்கு உரிய கூலியா, நாம் இரங்கிக் கொடுக்கும் பிச்சையா? காணிக்கைத் தட்டில் இடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்ப்போம். திருப்பிக் கொடுக்கவேண்டியது ஏதும் இருந்தால், அதை அடுத்த ஞாயிற்றுக்கு முன்னரே கொடுத்துவிடுவோம்.